கிணற்றடியில் கேட்ட இரண்டாம் அடி

துனீசியாவின் தெற்கே, காபிஸ் பக்கத்துப் பாலைவனத்தில் பிரெஞ்சுக்காரன் சாலை போட ஆரம்பித்தபோது, கூலியில்லாமல் கல் சுமக்க ஊர் ஊராக ஆட்களை இழுத்துப் போனார்கள். பல்காசிம் ஒட்டகம் ஓட்டுகிறவன். ஒரு கல்யாண வீட்டில் தங்கள் பேச்சு மொழியிலேயே நாலு வரி கட்டிப் பாடிவிட்டான்:

“ரோடு போட வந்த துரை
வந்த வழி மறந்தாயோ?
கடல் கெடக்கு கிழக்கால,
கப்பல் ஏறத் தெரியாதோ?”

அங்கே வந்திருந்த பிரெஞ்சு அதிகாரி புத்தக அரபி மட்டுமே படித்தவன்; அவனுக்கு அது விளங்கவில்லை. கூட்டம் சிரித்தது மட்டும் விளங்கியது. மறுநாளே பல்காசிமைப் பிடித்துச் சிறையில் போட்டு, அதே சாலையில் கல் உடைக்க விட்டார்கள்.

கோடை முடிந்து விடுதலையானான். பாட்டை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள் என்று எண்ணியபடியே நடந்தான். வழியில் ஒரு கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண் அதைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். நாலு வரியோடு நிற்காமல் மேலே போனாள்:

“கூட்டி வந்த கழுதையிடம்
கேட்டுப் பாரு, வழி சொல்லும்!”

“தங்கச்சி, அந்தக் கழுதை வரி பாட்டுல கெடையாதே,” என்றான்.

“உங்களுக்கு என்னண்ணே தெரியும்? இது ஜெயில்ல இருக்கிற பல்காசிம் பாட்டு.”

“நான்தாம்மா பல்காசிம்.”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்களா? அவரு பனைமரம் கணக்கா இருப்பாராம். நீங்க பேரீச்சங்கொட்டை மாதிரி இருக்கீங்க!”

அவனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “சரிம்மா, நான் அவன் இல்ல. கழுதை வரிய யாரு கட்டுனா, அதையாவது சொல்லு.”

அவள் கயிற்றை இழுப்பதில் மும்முரமானாள். “கை வேலை செய்யுது. வாய் எதுக்குச் சும்மா இருக்கணும்?”

பல்காசிம் அந்த வரிகளை அவளிடமே திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிக் கற்றுக்கொண்டான். தன்னுடையதைவிட அவை நன்றாயிருந்தன; அதில் அவனுக்கு வருத்தமே இல்லை.

வீட்டில் மனைவி தர்க்கியா சுடச்சுட வாற்கோதுமை ரொட்டி போட்டாள்.

“இனியாவது வாயைக் கட்டுவீங்களா?”

“நான் கட்டி என்ன செய்ய? நான் வந்த வழியில எத்தனை கிணறு இருக்குன்னு உனக்குத் தெரியாதா?” என்று இன்னொரு ரொட்டிக்குக் கை நீட்டினான்.