ஷிந்தானி தொகுயாவின் ஐம்பத்துநாலு கிலோ

கடலோர ஊரான உவோசுவின் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்த ஷிந்தானி தொகுயாவின் கால், 1975 மார்ச் மாதத்திலிருந்து நாற்பத்துமூன்று ஆண்டுகள் தரையில் படவில்லை. ஊர்க்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வசந்தம் வந்தால் எதிர்க்கரைப் பாலமும் புகைபோக்கிகளும் கானல் தோற்றத்தில் கடலுக்கு மேல் தலைகீழாகத் தொங்குவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். மனிதன் ஒருவன் நேராக மிதப்பதில் அவர்களுக்கு என்ன வந்தது? முதல் ஆண்டு அவர் தரைக்கு மேல் நாலு விரல் உயரத்தில்தான் இருந்தார். மருத்துவர் நன்றாகச் சாப்பிடச் சொன்னார். மனைவி சாயே மீன்பிடி ஈயக் குண்டுகளை உள்சட்டையில் வரிசையாக வைத்துத் தைத்துக் கொடுத்தார். தண்ணீர் மீட்டர்கள் எல்லாம் தரைக்குள் இருப்பதால் மூடியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகக் குனிந்து எண்களைக் குறிக்கப் பழகிக்கொண்டார். ஆண்டு மருத்துவப் பரிசோதனைச் சீட்டில் எடைக்கான கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டு அனுப்பினார்கள். ஈயக் குண்டுகளைக் கழற்றினால் இன்னும் மேலே போவார் என்பதால், தெருவிளக்கு மாற்றவும், கோயில் கூரைச் சருகு எடுக்கவும், நவம்பரில் உச்சிக் கிளை ஆப்பிள் பறிக்கவும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஏணி விற்பவர் மட்டும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆப்பிள் பறிக்கப் போகும் தோட்டங்களில் ஒகினோவின் தோட்டத்தில் மட்டும் அவர் ஒரு சாண் தாழ்ந்தே மிதந்தார். ஒகினோவுக்கு இதில் வருத்தம்தான். நம் மண்ணில் ஈரம் அதிகம், அதுதான் ஆளை இழுக்கிறது என்று சொல்லி, வடிகால் வெட்டிப் பார்த்தார். ஈரம் போயிற்று, சாண் போகவில்லை. தோட்டத்து மூலையில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதற்குள் முப்பது ஆண்டாக ஆப்பிள் பெட்டிகளுக்கு அடியில் ஒரு கார் கிடந்ததை ஷிந்தானி கடைசிவரை பார்க்கவில்லை.

பார்த்தவள் மினேகோ. கதகாய் ஆற்றங்கரையில் சொந்தமாக டிங்கரிங் பட்டறை வைத்திருந்தாள். பதினாறு வருடமாக, மோதி நசுங்கிய வெள்ளை வேன்களின் கதவுகளை நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து, வெள்ளையடித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆயுளில் ஒரு வண்டியையாவது அவசரமில்லாமல், யாரும் கேட்காத அளவுக்குச் சரியாகச் செய்து முடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. 2012 இலையுதிர் காலத்தில் ஒகினோவின் டிராக்டருக்குத் தகரம் ஒட்டப் போனவள், கொட்டகையில் பெட்டிகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்த நீண்ட மூக்கைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். 1971-ல் வந்த ஃபேர்லேடி ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. ஒகினோவின் தங்கை மகன் ஒருவன் வாங்கி ஓட்டி, ஒசாகாவுக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனது.

"எடுத்துட்டுப் போம்மா, இடம் காலியானா போதும்" என்றார் ஒகினோ. "ஆனா சும்மா நகராது. பெரிய பிடிவாதக்காரி."

நாலு பேர் தள்ளியும் அசையவில்லை. கடைசியில் டிராக்டரைக் கட்டித்தான் இழுத்தார்கள். எல்லோரும் துருவின் மேல் பழியைப் போட்டார்கள். அன்று மாலை மினேகோ டேஷ்போர்டில் இருந்த சிறு பெட்டியைத் திறந்து பார்த்தாள். எலி கடித்த ஒரு கையுறையும் பழைய வாகன ஆய்வுச் சான்றிதழும் இருந்தன. முதல் உரிமையாளர் என்ற இடத்தில் ஷிந்தானி தொகுயா என்று இருந்தது. மினேகோ அதை இரண்டு முறை படித்தாள். ஊருக்கே தெரிந்த மனிதர். எல்லோருக்கும் ஏதாவது ஒரு உதவி செய்தவர். அவர் வந்து, என் வண்டி, கொடு என்று கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதனால் சான்றிதழை மடித்து, வெல்டிங் கம்பிகள் போடும் இழுப்பறையில் அடியில் வைத்தாள். வண்டியை எங்கே வாங்கினாய் என்று கேட்டவர்களிடம் மலைப்பக்கம் என்று கை காட்டினாள்.

ஆறு ஆண்டுகள் போயின. பகலெல்லாம் வேன், வேலை முடிந்தபின் ஃபேர்லேடி. அரித்துப்போன அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக மடித்து வைத்தாள். கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக வரும்வரை ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே கதவை மாட்டிக் கழற்றினாள். ஆறு சிலிண்டர்களையும் பிரித்துச் சேர்த்தாள். இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே மூச்சாக இழுக்கும்வரை ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓட்டுநர் இருக்கையில் சிகரெட் சுட்ட ஒரு ஓட்டை இருந்தது. உறையை மாற்ற வேண்டியதுதான் முறை. ஏனோ மனம் வராமல் அதை அப்படியே விட்டுவிட்டாள். 2018 ஏப்ரலில் வண்டி ஒரே சுழற்றலில் உறுமிக்கொண்டு உயிர்பெற்றபோது, பட்டறையில் தனியாக நின்று கைதட்டினாள்.

அந்த மாதமே லாரியில் ஏற்றி மாகாண ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே தேறினால்தான் எண் பலகை. எண் பலகை இருந்தால்தான் சாலை. விளக்கு, பிரேக், புகை எல்லாம் தேறியது. எடைப் பலகையில்தான் தகராறு. ஆய்வாளர் குராஹாஷி முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், நேர்மையானவர். எண்ணைப் பார்த்தார், குனிந்து வண்டிக்குள் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"உள்ள யாராவது உக்காந்திருக்காங்களா?"

"இல்லையே."

"வலது பக்கம் மட்டும் ஏத்திக் காட்டுது. டிரைவர் இருக்கிற மாதிரி. காகிதத்துல இருக்கறதவிட ஐம்பத்துநாலு கிலோ கூட." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஐம்பது வரைக்கும் வித்தியாசம் இருந்தா விடலாம். நாலு கிலோவுக்காக உங்க ஆறு வருஷத்தத் திருப்பி அனுப்பறேன். மனசுல வச்சுக்காதீங்க."

மினேகோ வண்டியை மறுபடி பிரித்தாள். எங்கேயாவது பழைய பட்டியோ தாரோ அடைத்துக்கொண்டிருக்கும் என்று சந்து பொந்தெல்லாம் விளக்கடித்துத் தேடினாள். பிறகு அரிசிக் கடைத் தராசை இரவல் வாங்கி, கடைசித் திருகாணி வரை ஒவ்வொன்றாக நிறுத்து எழுதினாள். மொத்தம் போட்டால் மிகச் சரியாகக் காகிதத்தில் உள்ள எடை. மாட்டி முடித்துக் கொண்டுபோனால் மறுபடி ஐம்பத்துநாலு கிலோ அதிகம். மூன்றாம் முறை திரும்பி வந்தபோது, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். ஊரில் ஒருவருக்கு எடை இல்லை. அவருடைய பழைய வண்டியில் ஓர் ஆள் எடை கூடுதலாக இருக்கிறது. இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. தெரிந்தும் இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் ஷிந்தானியின் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. வயது எழுபத்தொன்று. நாலு விரல் உயரம் முழம் ஆகி, இப்போது சாயேவின் தோள் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஈயம் எவ்வளவு தைத்தாலும் பிடிக்கவில்லை. வெளியே போகும்போது சாயே இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருக்கும் தோள்பட்டை தேய்ந்துபோயிருந்தது. ஜூன் முதல் வாரம் மலையிலிருந்து வெப்பக் காற்று இறங்கியது. கயிறு சாயேவின் கையிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. கணவாய் மீன் பிடிக்கும் படகுக்காரர்கள் துறைமுகச் சுவருக்கு அப்பால் கொக்கிக் கழியை நீட்டி அவரை இழுத்து இறக்கினார்கள். இன்னும் பத்து அடி போயிருந்தால் கழி எட்டியிருக்காது. மறுமுறை காற்று அடித்தால் கடல்தான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அன்றைக்கே மினேகோ இழுப்பறையைத் திறந்தாள்.

மினேகோ அவர் வீட்டுக்குப் போனபோது ஷிந்தானி துணி உலர்த்தும் கம்பத்தில் கட்டப்பட்டு, அந்தரத்தில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கீழே சாயே அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மினேகோ சான்றிதழை இரண்டு கையாலும் நீட்டிவிட்டு, தலை தரையில் படக் குனிந்தாள்.

"அது உங்க பழைய வண்டின்னு ஆறு வருஷமா எனக்குத் தெரியும், ஷிந்தானி-சான். சொல்லாம மறைச்சுட்டேன். கேட்டுருவீங்களோன்னு பயம். உங்க எடை அந்த வண்டியிலதான் இருக்கு. நீங்களே எடுத்துக்குங்க. வண்டியோட."

சாயே அவரைக்காயைக் கீழே வைத்தார். "அந்த வண்டியா? வித்ததுக்கப்புறம் அதப் பத்தி இவரு ஒரு வார்த்தை பேசினதில்லயே. நான் மறந்துட்டாருன்னுல்ல நெனச்சேன்."

ஷிந்தானி காகிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு கேட்டார்: "ஓடுதா?"

"ஓடுது. பட்டறைக்குள்ள மட்டும்."

நடந்ததை அவர் அப்போதுதான் சொன்னார். 1975-ல் மகள் பிறந்தாள். இரண்டு இருக்கை வண்டியில் மூன்று பேர் போக முடியாது. அந்தக் காலத்தில் முதல் குழந்தை பிறந்ததும் ஆண்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வண்டியைக் கழுவித் துடைத்து, பழைய கார் விற்கும் கடைக்குக் கொண்டுபோனார். விட்டுப் பிரியும்போது நாலு டயரிலும் ஒரு துளி சாகே மது விட்டு, கூரையைத் தடவி, இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லிக் குனிந்து வணங்குவது வழக்கம். சாகே சீசாவைக்கூடச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஆனால் கடைக்காரர் பக்கத்திலேயே நின்றார், வேறு இரண்டு வாடிக்கையாளர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று சாவியை நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். மறுநாள் காலை பாயைவிட்டு எழுந்தபோது கால் எட்டவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

மூன்று பேரும் ஆற்றங்கரை வழியாகப் போனார்கள். கயிற்றைச் சாயே பிடித்திருந்தார், சாயேவை மினேகோ பிடித்திருந்தாள். பட்டறையை நெருங்க நெருங்க ஷிந்தானி தாழ்ந்துகொண்டே வந்தார். கதவருகே ஒரு முழம், உள்ளே வந்தபோது ஒரு சாண். அவர் உடனே வண்டியைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். கதவு இடைவெளியைக் கண்ணால் அளந்தார். இருக்கையில் இருந்த ஓட்டையைப் பார்த்ததும், "இது நான் போட்டது" என்றார். "ஏம்மா இத மட்டும் விட்டே?"

"தெரியல. மத்ததெல்லாம் என்னோட வேலை. அது என்னோடது இல்லைன்னு தோணுச்சு."

அவர் கூரையில் கை வைத்தார். இம்முறையும் பக்கத்தில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பேசினார்.

"முதல் சம்பளத்துல முன்பணம் கட்டி உன்ன வாங்கினேன். கடற்கரை ரோட்ல எத்தனையோ நாள் காலங்காத்தால என்னக் கூட்டிட்டுப் போனே. சாயேவப் பொண்ணு பாக்கப் போனது உன்னாலதான். பிரசவ வலி வந்தப்போ பனியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சேத்தே. ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டுப் போய்ட்டேன். மன்னிச்சுரு. ரொம்ப நன்றி." சொல்லிக்கொண்டே அழுதார். கண்ணைத் துடைக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. இடுப்பு மடியக் குனிந்தார்.

வண்டியின் வலது பக்க ஸ்பிரிங் கீச்சென்று ஒரு விரல் அளவு மேலே எழுந்தது. ஷிந்தானி தொப்பென்று தரையில் விழுந்தார். நாற்பத்துமூன்று ஆண்டு தரை காணாத உள்ளங்காலில் இரும்புத்தூள் குத்தி, ஐயோ என்றார். சாயே கயிற்றை விட்டுவிட்டு, புடவைக் கடையில் துணி பார்ப்பதுபோல அவர் பாதத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒரு காருக்கு இவ்ளோ பேச்சா?" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எங்கிட்ட ஒருநாள்கூட இப்படிச் சொன்னதில்ல."

ஷிந்தானி அப்படியே தரையில் உட்கார்ந்தபடி மனைவி பக்கம் திரும்பி, காருக்குக் குனிந்ததைவிட ஆழமாகக் குனிந்தார். கயிறு பிடித்த அத்தனை வருடத்துக்கும் சேர்த்து நன்றி என்றார். பிறகு மினேகோவுக்கும் குனிந்தார். மறைத்ததற்காக மன்னிப்புக் கேட்க வந்தவள், நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

அரிசிக் கடைத் தராசு இன்னும் திருப்பிக் கொடுக்காமல் அங்கேதான் இருந்தது. சாயே கணவரின் ஈய உள்சட்டையைக் கழற்றிவிட்டு அவரை அதில் ஏற்றிப் பார்த்தார். முப்பத்துநாலு கிலோ.

"கல்யாணத்தப்போ ஐம்பத்துநாலு இருந்தாரே. மிச்சம் இருபது எங்க?" என்று கேட்டு, வண்டியை முறைத்தார். "இன்னொரு தடவ சொல்லிப் பாருங்களேன்."

மினேகோ சாவியை எடுத்து ஷிந்தானியிடம் நீட்டினாள். "ஓட்டிப் பாத்தா மிச்சமும் வந்துரும். நெஜமாத்தான் சொல்றேன், வண்டிய நீங்களே வச்சுக்குங்க."

ஷிந்தானி அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துச் சாவியை அவள் கைக்குள்ளேயே மூடினார். "இது உன் வண்டி. ஆறு வருஷம் நீதான பாத்துக்கிட்டே? எனக்கு எப்பவாவது பக்கத்து சீட்டு குடு, போதும். அந்த இருபது கிலோ அங்கயே இருக்கட்டும், மினேகோ-சான். நீ தனியா ஓட்டறப்போ துணைக்கு ஆள் வேணும்ல."

முப்பத்துநாலு கிலோவும் ஈய உள்சட்டையும் சேர்ந்தால் எந்தக் காற்றுக்கும் பயமில்லை என்று படகுக்காரர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த நவம்பரில் ஒகினோ ஏணி வாங்கினார். உச்சிக் கிளைக்கு ஷிந்தானி ஏணியில் ஏறித்தான் பறித்தார், இளவட்டங்களைவிட வேகமாக. அதற்கு முன்பே, ஜூன் கடைசியில், மினேகோ வண்டியை நாலாவது முறையாக ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தாள். எடைப் பலகை இருபது கிலோ அதிகம் காட்டியது, வலது பக்கம். மினேகோ நடந்ததைச் சொன்னதும், குராஹாஷி குனிந்து காலி இருக்கையைப் பார்த்து, பழக்கதோஷத்தில் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார். வித்தியாசம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில், முதல் உரிமையாளர் என்று நிரப்பி, முத்திரையைக் குத்தினார்.