கடலுக்கு மேல் ஒன்பதாம் நாள்

அக்காவின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த தம்பிக்கு, உள்ளங்கைக்கு அடியில் அவள் மூச்சின் கரகரப்பு நின்றுபோனது உடனே உறைக்கவில்லை. இன்னும் நாலைந்து முறை தேய்த்தான். பிறகு குனிந்து அவள் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தான்.

பலூன் கூடையின் மறுமூலையில் உயரமானியைக் கவனித்துக்கொண்டிருந்த கேப்டன் திரும்பினார்.

"தூங்குறாங்களா?"

அவன் இல்லையென்று தலையசைத்தான். கேப்டன் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். காலை ஏழு மணி. தலைக்கு மேல் பலூன், காலுக்குக் கீழே கடல். ஒன்பது நாளாக இதேதான்.

எஞ்சின் இல்லாமல், காற்றை மட்டும் நம்பி ஒரு பெருங்கடலைத் தாண்டக் கிளம்பியவர்கள் அவர்கள் மூவரும். பலூனை ஓட்டக் கேப்டன். காற்றின் போக்கைக் கணிக்கத் தம்பி. அக்கா, கூடாரம் தைக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். இந்தப் பலூனைப் பதினாலு மாதம் உட்கார்ந்து தைத்தவள். கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு நிருபர், "இவங்க சமைக்க வர்றாங்களா?" என்று கேட்டபோது கேப்டன் வாயைத் திறக்கும் முன்பே அவள் முந்திக்கொண்டாள்: "சமைக்கத் தம்பி வர்றான். நான் கிழிஞ்சா தைக்க வர்றேன்."

ஆறாம் நாள் பனிமேகத்துக்குள் சிக்கினார்கள். பலூனிலிருந்து கூடையைத் தாங்கும் கயிறுகளில் ஒன்று அறுந்து, கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தம்பி எழுவதற்குள் அக்கா மேலே ஏறிவிட்டாள்.

"கையுறைய போடுக்கா!"

"அதைப் போட்டுக்கிட்டு முடிச்சு எப்படிடா போடுறது? நீ என் காலைப் பிடி, போதும்."

நாற்பது நிமிடம். இறங்கியபோது விரல்கள் நீலம் பாரித்திருந்தன. உதடு நடுங்க, "இனிமே அது அறுந்தா என் பேரை மாத்திக்கிறேன்" என்றாள். அன்று மாலையே காய்ச்சல் கண்டது. மறுநாள் நெஞ்சுக்குள் சளி கட்டியது.

நேற்றுதான் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நான் போயிட்டா யோசிச்சுட்டு நிக்காத. அம்பத்தெட்டு கிலோ இருக்கேன். நாலு மணல் மூட்டைக்குச் சமம். கடல்ல இறக்கி விட்டுடு."

"சும்மா இருக்கா."

"உன்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல. கேப்டன்கிட்ட சொல்லிட்டேன்."

நண்பகலில் சூரியனை மேகம் மூடியது. உள்ளிருந்த வாயு குளிர்ந்து, பலூன் சுருங்கி இறங்கத் தொடங்கியது. தொள்ளாயிரம் மீட்டர். அறுநூறு. எடை குறைக்கக் கொட்டும் மணல் முந்தின நாளே தீர்ந்திருந்தது. கரைக்கு இன்னும் எழுபது கிலோமீட்டர். சமையல் அடுப்பு போனது, சாப்பாட்டுப் பெட்டி போனது, தண்ணீர் போனது. ரேடியோவில் தங்கள் இடத்தைக் கடைசியாகச் சொல்லிவிட்டு அதையும் தள்ளினார்கள். இருநூறு மீட்டர்.

"தம்பி," என்றார் கேப்டன், அவன் முகத்தைப் பார்க்காமல். "அவங்க என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க."

"தெரியும் கேப்டன். நீங்க சொல்லிட்டா நான் செஞ்சாகணும். அதனால சொல்லாதீங்க."

கேப்டன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, கூடையின் அடியில் முத்திரையிட்டு வைத்திருந்த பதிவுப் பெட்டியின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினார். அது முழுசாகத் தரைக்கு வந்தால்தான் இந்தப் பயணம் சாதனையாகப் பதிவாகும். அதற்காக அவர் பதினோரு வருடம் அலைந்தவர்.

"கேப்டன், அது..."

"பதினெட்டு கிலோ" என்றார். இரண்டு கையாலும் தூக்கி வெளியே விட்டார். அது விழுந்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்படியும் ஒருமுறை கூடையின் அடி அலையில் மோதியது. தண்ணீர் முழங்கால்வரை ஏறியது. இருவரும் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, அக்காவைத் தங்கள் மடிமேல் குறுக்கே கிடத்திக்கொண்டார்கள். தம்பி அண்ணாந்தான். எல்லாக் கயிறுகளும் முனகிக்கொண்டிருந்தன. அவள் முடிச்சுப் போட்ட கயிறு மட்டும் அசையாமல் விறைத்து நின்றது. அழுகை வரும் என்று நினைத்தான். ஆனால் நெஞ்சுதான் நிமிர்ந்தது. 'எங்க அக்கா' என்று யாரிடமாவது கையை நீட்டிக் காட்டவேண்டும் போலிருந்தது. கேப்டனைத் தவிர அங்கே யாரும் இல்லை. அவரும் அந்தக் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேகம் விலகியது. வெயில் பட்டதும் பலூன் விம்மி எழுந்தது.

நாலு மணிக்குக் கரை தெரிந்தது. பாறைகளைத் தாண்டி, பாதி உழுதிருந்த ஒரு வயலில் கூடை இரண்டு முறை குதித்து, சரிந்து நின்றது. உழுதுகொண்டிருந்த பெண் டிராக்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். மண் படிந்த முகம், மூச்சு வாங்கியது.

"கடலைத் தாண்டியா வந்தீங்க?"

"ஆமா" என்றார் கேப்டன்.

"எத்தனை பேரு கிளம்புனீங்க?"

"மூணு பேரு."

"வந்து சேந்தது?"

கேப்டன் தம்பியைப் பார்த்தார்.

"மூணு பேரு" என்றான் தம்பி.

அந்தப் பெண் அருகே வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். திரும்பி நடந்துபோய், ஓடிக்கொண்டிருந்த டிராக்டரை அணைத்துவிட்டு வந்தாள்.