மௌன விரத வைத்தியர்

அதிகாரி சங்கரநாராயணனின் வலது குதிகாலை ஒரு சிறுத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த விஷயம் சங்கரநாராயணனுக்குத் தெரியாது. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த சுடலையாண்டிக்குத் தெரியும். அவனுடைய கைகள் முதுகில் பாதி வழியிலேயே நின்றுவிட்டன.

"ஏன்வே நிறுத்திட்டீரு?"

"எண்ணெய் ஊறட்டும்னு சார்."

கோவணத்தோடு பாறையில் குப்புறப் படுத்திருந்தார் அதிகாரி. எண்ணெய் இறங்காமலிருக்க அவர் கண்ணை மூடி ஈரத்துண்டை வரிந்து கட்டியிருந்தான் சுடலையாண்டி. அந்தப் புத்தியைக் கொடுத்த குலசாமிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

மூன்று நாளைக்கு முன்னால், குற்றாலத்தில் சிறுத்தை நடமாட்டம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சாரல் உச்சத்தில் இருக்கும் நேரம். செய்தி உண்மையானால் சீசன் முடியும்வரை அருவியை மூடிவிடுவார்கள். வனத்துறையிலிருந்து விசாரிக்க வந்தவர்தான் சங்கரநாராயணன். காலையிலிருந்து சுற்றியும் ஒரு கால்தடம்கூட அகப்படவில்லை. 'சிறுத்தை இல்லை' என்று அறிக்கை தயார். "குளிச்சுட்டு வந்து கையெழுத்துப் போடுதேன்" என்று படுத்துவிட்டார்.

லாட்ஜ் முதலாளி ஸ்டான்லி, சுடலையாண்டியின் காதைக் கடித்தார். "ஏலே, அந்தக் கையெழுத்துலதான் நம்ம சோறு இருக்கு. அமுக்குத அமுக்குல மனுசன் சொக்கிப் போயிரணும்."

உண்மைதான். இந்த மூன்று மாதம் கை ஓடினால்தான் மீதி ஒன்பது மாதம் சுடலையாண்டி வீட்டில் அடுப்பு எரியும்.

அந்த ஸ்டான்லி இப்போது பாறைக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருந்தார். சிறுத்தை தலையை நீட்டியதும் ஏறியவர். அந்த உடம்போடு, சத்தமே இல்லாமல் எப்படி ஏறினார் என்பது இன்றுவரை மர்மம்.

சிறுத்தை நாக்கை நீட்டி, குதிகாலில் ஒரு இழுப்பு இழுத்தது.

"ஆ..."

சுடலையாண்டி ஓடுவதற்கு ஒரு காலைப் பின்னால் வைத்தான்.

"...ஆகா! அரம் போட்ட மாதிரி இருக்கே! யாரு கைவே இது?"

"புது வைத்தியர் சார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம். மலையாளத்து முறை."

"பேரு?"

"தா... தாணுமாலயன்."

"தாணுமாலயன், அப்படியே இடது காலையும் பாரும்வே."

சிறுத்தை இடது காலுக்கு மாறியது.

"ஆளு ஏன் பேச மாட்டேங்காரு?"

"மௌன விரதம் சார்."

அந்த நேரம் பார்த்தா அது உறுமவேண்டும்! ரம்பத்தால் மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"விரதம்னீரு?"

"மந்திரம் மட்டும் சொல்லலாம் சார்."

சங்கரநாராயணன் பக்தியோடு கையைக் கூப்பிக்கொண்டார்.

நக்கியது போதும் என்று சிறுத்தைக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாயைத் திறந்தது. கெண்டைக்காலை அளவெடுத்தது. தொட்டி உச்சியில் ஸ்டான்லி சிலுவை போட்டுக்கொண்டார்.

கத்தலாமா? கத்தினால் அதிகாரி எழுந்து ஓடுவார். கண்ணில் கட்டு, உடம்பெல்லாம் எண்ணெய், அந்தப் பக்கம் பள்ளம். ஆளும் போவார், சீசனும் போகும். சுடலையாண்டி எண்ணெய் டின்னை எடுத்தான். சரிவில் அப்படியே கவிழ்த்தான்.

எண்ணெய் வளைந்து நெளிந்து சிறுத்தையின் பின்னங்கால்களுக்கு அடியில் போனது. வாகாகக் கடிக்க அது ஒரு அடி பின்னால் வைத்தது. அவ்வளவுதான்! நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போயின. முகத்தில் கம்பீரம் குறையாமல், உட்கார்ந்த வாக்கிலேயே பாறையில் சறுக்கிக்கொண்டு போய்ப் புதருக்குள் விழுந்தது.

"என்ன சத்தம்?"

"வைத்தியர் வழுக்கி விழுந்துட்டார் சார்."

"அடடா, அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல சார். நல்லாத்தான் ஓடுதாரு."

அருவியில் குளித்துவிட்டு வந்த சங்கரநாராயணனுக்குப் பத்து வயது குறைந்திருந்தது. அறிக்கையை வாங்கி, ஜீப் பானெட்டில் வைத்துச் சரக்கென்று கையெழுத்துப் போட்டார். சீசன் பிழைத்தது. ஸ்டான்லி தொட்டியிலிருந்து இறங்க ஏணி கேட்டார்.

"சுடலையாண்டி, வெள்ளிக்கிழமை தென்காசியிலருந்து ஜீப் அனுப்புதேன். அந்த வைத்தியரை வீட்டுக்குக் கூட்டிட்டு வாரும். எங்க மாமியாருக்கு முழங்கால் வலி."

"சார், அவரு வெளிய எங்கனயும் வரமாட்டாரு."

"வரலன்னா நீரு இங்கன தொழில் பண்ண முடியாதுவே."

சுடலையாண்டிக்கு வேறு வழி தெரியவில்லை. சட்டென்று காலில் விழுந்துவிட்டான். "சார், மன்னிச்சிருங்க. அது வைத்தியர் இல்ல. சிறுத்தை!"

சங்கரநாராயணன் அவனைத் தூக்கி நிறுத்தினார். அறிக்கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"சிறுத்தை இல்லன்னு சார்."

"கீழ யாரு கையெழுத்து?"

"உங்க கையெழுத்து."

"பொறவு? நல்ல ஆளை ஒளிச்சு வைக்கவா பாக்குதீரு?"

ஜீப் கிளம்பியது. பத்தடி போய் நின்றது. அதிகாரியின் தலை வெளியே வந்தது.

"வீட்ல சமைக்கச் சொல்லணும்லா. வைத்தியரு சைவமாவே?"

சுடலையாண்டி மேலே பாறையைப் பார்த்தான்.

"இல்ல சார்" என்றான்.