பத்து எண்ணும் வரை

நாகூரில் பல குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து தங்குவான். நானும் பாபநாசத்திலிருந்து அப்படித்தான் வந்தேன். ரிஃப்கா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் வீட்டில், அவள் அறையில் இன்னும் இருக்கிறேன். போ என்று யாரும் சொல்லவில்லை. சம்பா அறுப்புக்கு வரச் சொல்லி அண்ணன் போன் செய்தான். போகவில்லை.

ரிஃப்காவின் தங்கை சபிஹா பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுப்பவன். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு நாவல் சொல்லிக்கொடுக்கிறேன். புத்தகம் ரிஃப்காவுடையது. அவளுக்கும் அதே பாடம் இருந்தது.

கதை ஒரு நாட்டைப் பற்றியது. வாரத்துக்கு ஒருமுறை அதிகாரி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று புது உத்தரவைப் படிப்பார். பிறகு பத்து வரை எண்ணுவார். அதற்குள் மறுத்துப் பேசாதவர்கள் ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும். இப்படியே மொழி போகிறது, பெயர் போகிறது, பிள்ளைகள் போகிறார்கள். மறுத்தவனுக்கு என்ன தண்டனை என்று நாவலில் எங்கேயும் இல்லை. மறுத்தவனே இல்லை.

“பத்து மார்க் கேள்வி மச்சான். ஏன் ஒருத்தரும் பேசல?”

“அதிகாரி மரியாதையா கேக்குறாரு. அதான்.”

“இப்படி எழுதினா பத்துக்கு ரெண்டுதான் போடுவாங்க.”

கதாநாயகனும் பேசாமல் நிற்கும் பக்கத்தின் ஓரத்தில் ரிஃப்கா பென்சிலால் எழுதியிருந்தாள்: வாயைத் திறடா மடையா.

சபிஹா அக்காவின் எழுத்தின்மேல் விரலை வைத்துச் சிரித்தாள். “லாத்தா கதாநாயகனையும் விடல.” சட்டென்று சிரிப்பு நின்றது.

“வாப்பா நாளைக்கு உங்ககிட்ட பேசப்போறாங்க. என்னை உங்களுக்கு நிக்காஹ் முடிக்கணும்னு. முடியாதுன்னு சொல்லிடுங்க மச்சான்.”

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான்.

“நீயே சொல்லேன்.”

“சொன்னேன். வெக்கப்படுறான்னு உம்மா சிரிக்கிறாங்க. அழுதேன். லாத்தாவ நெனச்சு அழுவுறேன்னு அவங்களும் சேந்து அழுவுறாங்க. எனக்குத் திருச்சியில எம்.ஏ. படிக்கணும். உங்களை மச்சானாதான் பாத்திருக்கேன். நீங்க சொன்னா ஒரு வார்த்தையில முடிஞ்சிடும்.”

“சொல்றேன்.”

“சத்தியமா?”

“சொல்றேன் புள்ள.”

மறுநாள் சபிஹாவின் வாப்பா, என் மாமா அப்துல் அஜீஸ், பள்ளிவாசலிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உள்வாசல் திரைக்குக் கீழே சபிஹாவின் கால்கள் தெரிந்தன.

“மாப்ளே, கட்டாயம் இல்ல. சபிஹாவ உங்களுக்கு முடிக்கலாம்னு இருக்கேன். வேற மாப்ள இந்த வீட்டுக்கு வந்தா நீங்க எப்படி இங்க இருப்பீங்க? பாபநாசம் போயிடுவீங்க. நீங்களும் போயிட்டா, ரிஃப்கான்னு ஒரு புள்ள இங்க இருந்ததுக்கு எங்களுக்கு என்ன மிச்சம்? விருப்பம் இல்லேன்னா சொல்லிடுங்க. வருத்தப்பட மாட்டேன்.”

வருத்தப்பட மாட்டார் என்று எனக்கும் தெரியும். சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. மின்விசிறி சுற்றியது. மாமாவின் தொப்பியில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா என் கையைப் பிடித்தார்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியிடம் சொல்ல உள்ளே போனார்.

சபிஹா வந்தாள். புத்தகத்தை என் முன்னால் வைத்தாள்.

“உள்ள நின்னு எண்ணிட்டிருந்தேன் மச்சான். பத்து இல்ல. நாப்பது வரைக்கும்.”

“இப்பவே போய்ச் சொல்லிடுறேன்.”

“சொல்லுங்க.” குரலில் கிண்டல் இல்லை. நம்பிக்கையும் இல்லை.

எழுந்தேன். அதற்குள் மாமா தட்டோடு வந்துவிட்டார். பின்னால் மாமி ஹலீமா, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். தட்டில் தம்ரூட், விசேஷத்துக்குச் செய்யும் ரவை இனிப்பு. மாமி காலையிலேயே கிண்டி, ஆறவைத்து, துண்டு போட்டிருந்தார்.

“மாமா” என்று வாயைத் திறந்தேன்.

அவர் ஒரு துண்டைப் பிட்டு என் வாயில் வைத்தார். ரிஃப்காவின் மேல் முதல் பிடி மண் போட்ட கை.

மென்றேன். சபிஹா தட்டைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.