ஏற்கப்படாத கோமதி

ஊருக்கு மேற்கே இருந்த நூற்பாலையில், ஒரு பொருளுக்கு வந்த எச்சரிக்கையை யாரும் ஏற்காமல் விட்டால் அந்தப் பொருள் சிமிட்டத் தொடங்கிவிடும். மற்ற ஆலைகளில் கணினித் திரையில் சிவப்பு வரி மட்டும்தான் சிமிட்டும். இங்கே பொருளும் கூடவே சிமிட்டும். ஒரு கணம் இருக்கும், மறு கணம் இருக்காது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் விசையை அமுக்கி, பார்த்தாயிற்று என்று ஏற்றுக்கொண்டதும் சிமிட்டல் நின்றுவிடும். நிற்கிற கணத்தில் பொருள் இருந்தால் அதன்பின் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. பஞ்சு அடிக்கும் இயந்திரம் ஒன்று அப்படித்தான் போனது. அது நின்ற இடத்தைக் கூட்டிப் பெருக்கிச் சைக்கிள் நிறுத்திக்கொண்டார்கள்.

எச்சரிக்கைகளை அமைத்தவர் ஆவுடையப்பன். எதற்கு எது மேல் எல்லை, எது கீழ் எல்லை, எல்லை தாண்டினால் திரையில் என்ன வாசகம் வரவேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினார். ஈரப்பதம், மோட்டாரின் சூடு, காற்றழுத்தம் எல்லாம் முடிந்தும் மென்பொருளில் இடம் மிச்சம் இருந்தது. நிர்வாகம் அதைத் தீபாவளிக்கு ஊழியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தது. ஒருவர் தன் பசுவைச் சேர்த்தார். இன்னொருவர் மருமகனைச் சேர்த்தார். ஆவுடையப்பன் தன் மனைவி கோமதியைச் சேர்த்தார். எல்லைகளை நிதானமாகக் கொடுத்தவர், வாசகம் எழுதவேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டார்.

ஒரு காலை வேளையில், கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் ஆவுடையப்பன் இருந்தபோது, திரையில் சிவப்பு வரி வந்தது. 'கோமதி' என்று மட்டும் இருந்தது. என்ன கூடிற்று, என்ன குறைந்தது என்று ஒன்றும் இல்லை. எச்சரிக்கை ஏற்கப்படாமல் இருக்கும்போது வாசகத்தைத் திருத்தவும் முடியாது.

அடுத்த முறை வேலைக்குப் பெருமாள்சாமி வந்தான். ஏற்காத எச்சரிக்கையோடு நாற்காலியைக் கைமாற்றும் வழக்கம் அந்த ஆலையில் இல்லை.

"அண்ணாச்சி, அமுக்கிட்டு எந்திரிங்க. நான் உக்காரணும்லா?"

"இந்த விசைக்கு ஒரு இழுவை உண்டுடே. இப்ப அமுக்குனா எப்ப பிடிக்கும்னு தெரியாது. அவ இல்லாத நேரம் பாத்துப் பிடிச்சிட்டா?"

பெருமாள்சாமி சற்று யோசித்துவிட்டு, வாசலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தான். அவனும் வீட்டுக்குப் போகவில்லை. முறை தொடங்காதவன் எப்படி முடித்துக்கொண்டு போவது?

இப்படியே சில நாட்கள் போயின. ஆவுடையப்பன் நாற்காலியிலேயே தூங்கினார். வேப்பம்பூ உதிர்கிற சத்தம் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கேட்டது. மதியம்தோறும் கோமதி தூக்குச்சட்டியோடு சிமிட்டிக்கொண்டே வந்தாள். அவளோடு சட்டியும் சிமிட்டியது. பாதிக் கவளங்கள் வாய்க்கு வந்துசேரவில்லை. பேச்சிலும் பாதி போய்விடுவதால் அவள் எதையும் இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை விட்டுப்போனது இரண்டாம் தடவையில் வந்து சேர்ந்தது.

"என் பேருக்குப் பக்கத்துல என்ன எழுதுனீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஒண்ணும் எழுதல."

"பசுமாட்டுக்குக்கூட 'பால் குறைவு'ன்னு எழுதியிருக்காம். எனக்கு எழுத ஒண்ணுமே தோணலையாக்கும்?"

"உனக்கு ஒண்ணு ஆயிருச்சின்னு எழுதக் கை வரல."

கோமதி இல்லாமல் போய், வந்து, சட்டியை மூடினாள்.

"நான் பாதிப் பாதியா அங்க கெடக்கேன். நீங்க முழுசா இங்க இருக்கீங்க. ரெண்டு பேருக்கும் உபயோகமில்ல. அமுக்குங்க."

"நீ இல்லாமப் போயிட்டா?"

"இப்ப மட்டும் யாரு இருக்கா வீட்டுல? அமுக்குங்கங்கேன்."

வாசலில் இருந்து பெருமாள்சாமி, "மயினி சொல்லுறது சரிதான், அண்ணாச்சி" என்றான்.

"நீ சாக்கைச் சுருட்டு" என்றாள் கோமதி.

ஆவுடையப்பன் அவளைப் பார்த்தபடியே விசையை அமுக்கினார். இழுவை நீண்டுகொண்டே போனது. அவள் போனாள், வந்தாள், போனாள், வந்தாள். பிறகு போகவில்லை. திரையில் அவள் பெயர் அசையாமல் நின்றது. அவளுடைய புடவையில் கத்தரிப்பூ நிறக் கோடுகள் இருப்பதை அவர் அப்போதுதான் முழுதாகப் பார்த்தார்.

பெருமாள்சாமி நாற்காலியில் உட்கார்ந்தான். ஆவுடையப்பனும் கோமதியும் வெயிலில் மெல்ல நடந்து வீட்டுக்குப் போனார்கள். வழியில் கோமதி எதையும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் இல்லாத கணங்களில் இருந்துவந்த கோமதியின் இல்லாமையும் சிமிட்டலை நிறுத்திவிட்டு, அடுக்களையில் கால் நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, அடுப்புப் பக்கம் போகணும்" என்றாள் கோமதி.

அது தள்ளி உட்கார்ந்தது. ஆவுடையப்பன் மூன்றாவதாக ஒரு தட்டை எடுத்துக் கழுவி வைத்தார்.