இன்ஸ்பெக்டரம்மா

கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட முத்துசெல்வி வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தபோதுதான் காலடியில் கிடந்த போர்வையைப் பார்த்தாள். அதில் நாலைந்து கறுப்பு முடிகள் ஒட்டியிருந்தன. எடுத்துப் போடக் கை நீண்டது. பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.

"கட்டுங்க மைனி, வெறைச்சிரும்" என்றாள் தம்பி குற்றாலீஸ்வரனின் மனைவி உமாராணி.

கட்டினாள். அப்பாவின் கால்கள் இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்கவில்லை. காலையில் எட்டே முக்காலுக்குப் போனார். அவள் கஞ்சியோடு உள்ளே வந்தபோது சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். மூன்று நாளாகவே அப்படித்தான். உமாராணி கொடுத்தால் இரண்டு வாய் குடிப்பார். இவள் டம்ளரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நோயாளியின் பிடிவாதம் என்று நினைத்தாள். சுரண்டையில் ஜவுளிக்கடை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு மாதமாக அவருக்குச் செய்தவள் அவள். அதனால் வருத்தம் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

மூன்று நாளாகப் பூனையும் இல்லை.

அப்பா சிவனணைந்தபெருமாள் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷனுக்குப் பின்னால், பறிமுதல் செய்த பைக்குகளுக்கு நடுவே ஒரு பூனை ஐந்து குட்டி போட்டது. வெள்ளையை ஒருவர் கொண்டுபோனார், செவலையை ஒருவர் கொண்டுபோனார், வரிப்பூனை இரண்டும் ஒரே வீட்டுக்குப் போயின. கறுப்புக் குட்டியை மட்டும் யாரும் தொடவில்லை. ஓய்வு பெற்ற அன்று, மாலையும் பொன்னாடையுமாக வீட்டுக்கு வந்த அப்பா, சட்டைக்குள்ளிருந்து அதை எடுத்து வெளியே விட்டார்.

"முப்பத்து மூணு வருசம் நான் சல்யூட் அடிச்சேன். இனி இன்ஸ்பெக்டரம்மா எம்மடிலதான் டூட்டி பாக்கணும்" என்றார்.

பெயர் அப்படியே நின்றுவிட்டது. அது காலைவெயிலில் படுத்திருக்கும்போது உற்றுப் பார்த்தால் கறுப்புக்குள் ஒரு செம்பழுப்பு ஓடும். அதைக் காட்டுவதற்காகவே வந்தவர்களை வாசலுக்கு அழைத்துப் போவார். "கறுப்புன்னு யாரு சொன்னா? நல்லாப் பாரும்" என்பார். கால்நடை மருத்துவமனைக்குக் கூடையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோய் ஊசி போட்டு வருவார். அந்தி மசங்கினால் கறுப்புப் பூனை வண்டிக்காரன் கண்ணுக்குத் தெரியாது என்று, பழைய டிராபிக் அங்கியிலிருந்து மின்னும் பட்டையை வெட்டி, அதன் கழுத்துக்கு ஒரு பட்டி தைத்திருந்தார். முத்துசெல்வி திருமணம் முறிந்து வந்த வருஷம் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பூனைதான் ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்குப் போய்வந்தது.

வாசலில் டெம்போ வந்து நின்றது. மாரி பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினான். தெருக்கோடியில் குடியிருக்கிறவன், பாவூர்சத்திரம் சந்தைக்குத் தினமும் காய்கறி லோடு அடிப்பவன். சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாற்காலியாகத் தோள் துண்டால் துடைத்துப் போட்டான். முத்துசெல்வி கதவருகே வந்ததும் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"ஏட்டையா போயிட்டாவளேக்கா."

அவள் தலையசைத்தாள்.

"நீங்க அந்தப் பூனைய நெனச்சுக் கவலப்படாதீங்க. நேத்து மத்தியானங்கூடப் பாத்தேன். வெங்காய மண்டில மூட்டைக்கு மேல ஏறி உக்காந்திருந்தது. லோடுமேன்மாரு கருவாடு போடுதாவ."

"எந்தப் பூனை?"

மாரி சிரிக்கப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நீங்க குடுத்து விட்டதுதாங்க்கா. ஆத்தத் தாண்டி விட்டாத்தான் திரும்பி வராதுன்னு சொன்னியளாம். சாக்குல கட்டி, வழி மறக்கட்டும்னு மூணு சுத்துச் சுத்திட்டுத்தான் குற்றாலீஸ்வரன் அண்ணன் ஏத்தினாவ. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அக்காவே சொல்லிட்டாவ, பெறவு என்னலேன்னாவ."

"கழுத்துல பட்டி கெடந்துச்சா?"

"இல்லக்கா. கழட்டிட்டுத்தான் தந்தாவ."

அவள் டெம்போவைப் பார்த்தாள். பிறகு, "மாரி, நாற்காலி கெடக்கட்டும். நீ போயி அதக் கூட்டிட்டு வா. இப்பவே போ. இருட்டுறதுக்குள்ள வந்திரணும்" என்றாள்.

அவன் ஏறி வண்டியைத் திருப்பினான்.

வீட்டின் பின்புறம், தண்ணீர்த் தொட்டியருகே தம்பி குற்றாலீஸ்வரன் ஈரவேட்டியோடு நின்றான். அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்குக் குடங்கள் தயாராக இருந்தன. அழுது கண் வீங்கியிருந்தது. அது பொய்யழுகை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"பூனைய எங்கலே விட்ட?"

"யக்கா, வந்தவங்க முன்னாடி வேண்டாம்."

"பின்னாடிதான நிக்கோம். சொல்லு."

அவன் குடத்தின் விளிம்பைத் தடவினான். "உமாவோட அம்மா வந்துட்டுப் போனாவல்லா. கறுப்புப் பூனை கால்மாட்டுல கெடந்தா உசுரு போகவும் போகாது, தங்கவும் தங்காது, இழுத்துக்கிட்டே கெடக்கும்ன்னாவ. அவரு படுத பாட்ட நீயும் பாத்தல்ல. எனக்குப் பாக்க முடியலக்கா. போயிட்டாருன்னாலும் அது பொணத்தத் தாண்டிரக் கூடாதுல்ல."

"நான் தேடுனேன். மேலகரம் முழுக்கத் தேடுனேன். நீயும் கூட வந்தியே. வேலிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு கூப்பிட்டியேலே."

அவன் குடத்தை நகர்த்தி வைத்தான்.

கருவாட்டுத் தலையைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக 'இன்ஸ்பெக்டரம்மா' என்று அவள் கூப்பிட்டுப் போனதும், டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. அவர்களை அதட்டியது இவன்தான். வீட்டுக்கு வந்து, "பக்கத்துலதாம்ப்பா நிக்கும், நாளைக்கி வந்துரும்" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா அவளையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அந்தப் பார்வை இப்போதுதான் அவளுக்கு முழுதாக வந்து சேர்ந்தது.

"அப்பாட்ட என்னலே சொன்ன?"

தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ புதிதாக வந்து அழத் தொடங்கினார்கள்.

"நீ மருந்துக் கடைக்குப் போயிருந்த" என்றான் மெதுவாக. "எங்கலே இன்ஸ்பெக்டரம்மாவக் காணும்னு கேட்டாரு. கேட்டுக்கிட்டே இருந்தாரு. எம்மேல கோவம் வந்தா மாத்திரையத் துப்பிருவாருக்கா. உம்மேல அவருக்குக் கோவமே வராதுல்லா. அதான், நீ கொண்டுபோயி விடச் சொன்னேன்னு…"

"அப்பா என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல."

"என்ன சொன்னாவ?"

"'அவளா?'ன்னாரு. ரெண்டு தடவ கேட்டாரு. பெறவு சொவத்துப் பக்கம் திரும்பிட்டாரு."

அவன் அவள் காலைப் பார்த்து நின்றான். அடிப்பாள் என்று எதிர்பார்த்தது போலிருந்தது. முன்புறத்தில் சங்கு ஊதினார்கள். யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனான்.

குளிப்பாட்டி, புதுவேட்டி சுற்றி, நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசி அப்பாவை வாசலில் கிடத்தினார்கள். தாடைக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். உதடு சிறிது திறந்திருந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள்.

"மக வாங்க" என்று தட்டை நீட்டினார்கள்.

முத்துசெல்வி ஒரு பிடி அள்ளிக் குனிந்தாள். முகத்துக்கு அருகே போனதும் கை நின்றது. மூன்று நாள் அவள் கையால் ஒரு வாய் வேண்டாம் என்ற முகம். இப்போது திருப்பிக்கொள்ள முடியாமல் கிடக்கிறது. காதருகே போய்ச் சொல்லலாமா என்று நினைத்தாள். நானில்லைப்பா. சுற்றிலும் ஐம்பது பேர் நின்றார்கள். ஐம்பது பேரும் இல்லாவிட்டாலும் கேட்க ஆள் இல்லை.

"போடும்மா, நேரமாவுது" என்றது ஒரு குரல்.

"அழாம போடச் சொல்லுங்க" என்றது இன்னொன்று. அவள் அழவேயில்லை.

நிமிர்ந்தாள். தலைமாட்டில் நின்ற தம்பியின் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, அரிசியை அதில் வைத்தாள்.

"எம்பேரச் சொல்லி நீயே போடு" என்றாள். அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் சாலைக்கு வந்தாள். பின்னால் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. சாரல் கனத்திருந்தது. சீசனுக்கு வந்த வேன்கள், ஜன்னலில் ஈரத் துண்டுகள் அடித்துக்கொள்ள, குற்றாலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தன. மாரியின் டெம்போ அவற்றுக்கு எதிரே, தென்காசிப் பக்கமிருந்து வரவேண்டும். அந்தத் திசையையே பார்த்து நின்றாள். பூனையின் கழுத்தில் பட்டி இல்லை.

மணி ஐந்துகூட ஆகவில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாக முகப்பு விளக்கைப் போட ஆரம்பித்திருந்தன.