உடனே பகிரவும்

"வழி விடுங்க. நான் இந்த ஸ்கூல் லைப்ரரியன். கொஞ்சம் வழி விடுங்க."

மூச்சு இரைத்தது. ஒரு கையில் ஆறாம் வகுப்புச் சிறுமி, இன்னொரு கையில் போன். பள்ளியின் பின் கேட்டிலிருந்து ஜெராக்ஸ் கடை வரை ஓடியே வந்திருந்தாள்.

கடையைச் சூழ்ந்து நின்றவர்கள் ரவுடிகள் இல்லை. மதியம் பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோர். ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் 'எங்க பிள்ளை ஏதாவது படிக்குதா மேடம்?' என்று அவளிடம் பவ்யமாகக் கேட்பவர்கள். அவர்களில் ஒருவர் இப்போது ஹெல்மெட்டை ஓங்கிப் பிடித்திருந்தார்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஏ.சி. மெக்கானிக் குந்தியிருந்தார். உதடு கிழிந்திருந்தது. மஞ்சள் நிற டூல் பையை மார்போடு அணைத்திருந்தார். அவரை மறைத்து நின்ற கடைக்கார அக்கா, பேப்பர் வெட்டும் கத்தியோடு, உள்ளே வருகிறவர்களை ஏ-ஃபோர் சைஸுக்கு வெட்டிவிடுவதாக அறிவித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரு படத்தால் வந்த வினை. காலையிலிருந்து அந்தப் பகுதியின் போன்களிலெல்லாம் அதே படம். பின் கேட் அருகே மஞ்சள் பைக்காரர் ஒருவர் குனிந்து, பள்ளிச் சிறுமி ஒருத்தியிடம் எதையோ நீட்டுகிறார். அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. சிறுமியின் முதுகு மட்டும் தெரிகிறது. கீழே நாலு வரி. 'பிள்ளை பிடிக்கிறவன். மூன்று பள்ளிகளில் பார்த்திருக்கிறார்கள். எச்சரிக்கை. உடனே பகிரவும்.'

பகிர்ந்துவிட்டார்கள். மதியம் மெக்கானிக் அதே மஞ்சள் பையோடு தெருவில் நடந்து வந்தார். முதல் அடி யார் அடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

லைப்ரரியன் கடைப் படியில் ஏறி நின்றாள். வகுப்பில் பேசும் குரல் தானாக வந்தது. எந்த மூன்று பள்ளி என்று கேட்டாள். எந்தத் தேதி? பார்த்தவர் யார்? இந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பியவருக்கு யார் அனுப்பினார்? இதே கேள்விகளைத்தான் இரண்டு வருஷமாக லைப்ரரி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்களுக்கும் நடத்த வேண்டியிருந்தது.

பிறகு சிறுமியை முன்னால் நிறுத்தினாள்.

"படத்துல இருக்கறது நான்தான்," என்றது குழந்தை. "என் பென்சில் பாக்ஸ் கீழ விழுந்துச்சு. அங்கிள் எடுத்துக் குடுத்தாரு. அவ்ளோதான்."

ஹெல்மெட் மெல்லக் கீழே இறங்கியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு அப்பா யார் முகத்தையும் பார்க்காமலிருக்கப் போனை எடுத்தார். அதில் அதே படம் இருப்பதைப் பார்த்து, சட்டென்று பைக்குள் போட்டார்.

ஒரு அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். முதுகை வைத்து இந்தப் பிள்ளையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றாள். எல்லாப் பிள்ளைகளையும் தனக்குத் தெரியும் என்றாள் லைப்ரரியன். பொய். புத்தகத்தைத் திருப்பித் தராத பிள்ளைகளை மட்டும்தான் அவளுக்குத் தெரியும். காது மடல் சுட்டது.

அக்கா ஷட்டரைத் தூக்கினாள். மெக்கானிக் வெளியே வந்தார்.

"நீங்க இல்லன்னா இன்னிக்கு என்னை முடிச்சிருப்பாங்க டீச்சர்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையின் மேல் சொட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். அதையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

இதற்குள் தலைமையாசிரியை வந்துவிட்டார். லைப்ரரியனின் தோளில் கை போட்டு, எங்கள் பள்ளியில் இதற்கென்றே தனி வகுப்பு வைத்திருக்கிறோம், பாருங்கள் பலனை என்று பெற்றோருக்கு விளக்கினார். சிலர் தலையாட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவள் கன்னத்தில் அறைந்தது. தோளிலிருந்த கையை எப்படி எடுப்பது என்று தெரியாமல் கூனிக் குறுகி நின்றாள்.

மெக்கானிக்கின் போன் அடித்தது. பேசி வைத்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. நாளைக்கு ஏ.சி. பார்க்க வர வேண்டாம் என்கிறார்களாம். காலையிலிருந்து இதுபோலக் காரணம் சொல்லாமல் வந்த போன்களுக்குக் கணக்கில்லையாம்.

"வீட்டுக்குள்ள விட்டாத்தாங்க எனக்குப் பொழப்பு. என் பொண்ணு வேற அந்தப் படத்தைப் பாத்துட்டா. யாரு இதைப் பண்ணினதுன்னு தெரிஞ்சாப் போதும்."

கூட்டத்துக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பட்ட அவமானத்தை இறக்கிவைக்க ஒரு தலை.

முதலில் யார் அனுப்பியது? ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் குழுவில், யாருக்கும் தெரியாத ஒரு எண்ணிலிருந்து வந்ததாம். அந்தப் போன் காலையிலிருந்தே அணைந்து கிடக்கிறது, ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்றார் தலைமையாசிரியை. கஷ்டம்தான் என்பது லைப்ரரியனுக்கும் தெரியும்.

மெக்கானிக்குக்கு ஒரு பழைய கூட்டாளி உண்டு. இருவருக்கும் முட்டிக்கொண்டதில், கூட்டாளி தெருக்கோடியில் தனியாகக் கடை போட்டிருந்தார். அதை முதலில் சொன்னது ஹெல்மெட்காரர். தொழில் போட்டி, வேறென்ன, என்றது இன்னொரு குரல். அந்தக் கூட்டாளி முழியே சரியில்லை என்றது மூன்றாவது குரல். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாருக்கும் எல்லாமே தெரிந்துவிட்டது. மெக்கானிக்கே குழம்பிப்போய், அவனா இருக்குமோ என்று முணுமுணுத்தார்.

கூட்டம் தெருக்கோடியைப் பார்த்துத் திரும்பியது. ஹெல்மெட் மறுபடி உயர்ந்தது.

லைப்ரரியன் தோளிலிருந்த கையை உதறிவிட்டு ஓடினாள். நடுத்தெருவில் அவர்களை மறித்து நின்றாள். இப்போது பேசாமலிருந்தால் வேலை மிஞ்சும், மானம் மிஞ்சும். தெருக்கோடியில் அந்த ஆள் ஏணியில் நின்று, எதுவும் தெரியாமல் தன் கடை போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு நேரம் பார்க்கத் துணியாத மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தாள்.

"லைப்ரரி ஜன்னல்லேருந்து படம் எடுத்தது நான். கீழ எழுதினதும் நான். அந்த நம்பர், என் வீட்டுக்காரரோட பழைய போன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்கள்ல எத்தனை பேரு விசாரிக்கறாங்க, எத்தனை பேரு அப்படியே நம்பறாங்கன்னு பாக்கறதுக்காக அவங்க வீட்டு குரூப்ல போட்டேன். முகம் தெரியலயே, யாருக்கும் எதுவும் ஆகாதுன்னு நெனச்சேன். மூணாவது பீரியட்ல, இது பொய், நான்தான் தயாரிச்சேன்னு சொல்லிப் பாடம் நடத்தறதா இருந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?" தலைமையாசிரியையின் குரல் உடைந்திருந்தது.

"கணக்கு சார் போர்ஷன் முடிக்கணும்னு அந்தப் பீரியடைக் கேட்டாரு. லைப்ரரி பீரியட்தானேன்னாரு. எப்பவும்போல குடுத்துட்டேன்."